அறுபதுக்குக் கிடைத்த இடம்

“அறுபது வந்தே ஆகணும்! கேக்குல எழுதியாச்சு!”

“கேக்குல வரட்டும் சார். பட்டியல்ல வராது.”

சேகெத் நகரத்துக் கணிதத் துறையில் டாக்டர் காஸ்மேரும் உதவி ஆய்வாளர் போர்பாலாவும் இப்படிக் கூரை அதிர நடத்திய சொற்போர், மனித அறிவு இதுவரை எட்டிய சிகரங்களுள் ஒன்று. மிகையில்லை.

பேராசிரியர் திஹமேருக்கு அறுபது பிறந்தது. அறுபதானால் மாநாடு கூட்டிச் சிறப்பு மலர் வெளியிடுவது அங்கே கணிதக்காரர்களின் வழக்கம். மலரின் முதல் பக்கத்தில் ‘திஹமேர் தொடர்’: வெவ்வேறு பகா எண்களைப் பெருக்கிக் கிடைக்கும் எண்களின் வரிசை. ஆறு வரும், முப்பது வரும், தனித்து நிற்கும் பகா எண்ணும் வரும். ஒரே பகா எண் இரண்டு தடவை தலைகாட்டினால் இடமில்லை. இந்த வரிசை அவர் பிறக்கும் முன்பே உலகத்துக்குத் தெரியும் என்பார்கள், பொறாமைக்காரர்கள்.

விழா நாயகரின் வயதும் அதில் இருந்தாக வேண்டும் என்பது துறையின் ஆசை. பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டியவள் போர்பாலா. மலர் வந்ததும் அவளுடைய தற்காலிக வேலை நிரந்தரமாகும் என்று வாக்கு.

“ரெண்டு, ரெண்டு, மூணு, அஞ்சு. பெருக்கினா அறுபது. ரெண்டு ரெண்டு தடவை வருதே சார்? அடுத்த வருஷம் விழா வைங்க. அறுபத்தொண்ணு பகா எண்ணு, ஜம்முனு உள்ள வந்துரும்.”

“மண்டபம் இந்த வருஷத்துக்குத்தாம்மா பதிஞ்சிருக்கு!”

உடனே ‘உயர்நிலைக் குழு’ அமைந்தது. மூன்று முறை கூடியது. நான்கு தட்டு பாலாடைக்கட்டி ரொட்டி தீர்ந்த பிறகு, வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானம் பிறந்தது: “இடப்பக்கத்து இரண்டும் வலப்பக்கத்து இரண்டும் வெவ்வேறு இரண்டுகளே.”

திஹமேரே அவளை அழைத்தார். குரலில் தேன் வழிந்தது.

“பாரு கண்ணு, நான் போட்ட விதி. எனக்காக ஒரு நாள் வளையக் கூடாதா?”

“விதி வளையும் சார். அறுபது வளையாதே.”

“வேலை வேணுமா, வேண்டாமா?”

போர்பாலா பேனாவைப் பார்த்தாள். அந்த மாத வாடகையையும் நினைத்துப் பார்த்தாள். பிறகு பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள். அது உருண்டு, பக்கத்தில் நின்ற காஸ்மேரின் கைக்குப் போனது. அவர் கையெழுத்திட்டார்.

விழா அமோகம். பழச்சாராயம் ஆறாக ஓடியது. எழுந்து நின்று கைதட்டியவர்களில் ஒருவர்கூட வகுத்துப் பார்க்கவில்லை. காஸ்மேருக்கு நிரந்தர வேலை கிடைத்தது, அதோடு பேராசிரியரின் மகளும். போர்பாலா லுப்லியானா நகரத்துக்குப் போய், டஜன் கேட்டால் பன்னிரண்டே எண்ணித் தரும் ஒரு ரொட்டிக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டாள்.

துறையைக் குறை சொல்ல முடியாது. கணக்கில் ஏதோ ஒன்று அதிகப்படி என்று அவர்களுக்கும் தெரிந்துதான் இருந்தது. அதை நீக்கியும் விட்டார்கள். அந்த இரண்டை அல்ல, எண்ணத் தெரிந்த ஒருத்தியை.