சத்தம் குறைக்கும் ரூபேந்திரன்

தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று நம்பும் ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கல்யாண வீட்டில் மைக் கரகரத்தால் முதல் ஆளாக எழுந்துபோய் அதன் தலையில் தட்டுகிறவர் அந்த இனத்தவர்தான். எங்கள் மலேசிய ஊரான காஹாங்கில் இந்த இனத்துக்கு ரூபேந்திரன் என்று பெயர்.

ரிமோட்டில் இயங்கும் கட்டுமான இயந்திர மாடல்கள் என்றால் அவருக்கு உயிர். போன மாதம் முழங்கை உயரத்துக்கு ஒரு கிரேன் செய்தார். அதற்கு ஒரே வேலை. மனைவி யோகேஸ்வரி மூன்று மாதம் ஐஸ்கிரீம் குச்சிகளை ஒட்டிக் கட்டிய குட்டி வீட்டின் மேல் கூரையைத் தூக்கி வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஊர் மண்டபமான டேவானில் கண்காட்சி. ஆனால் மோட்டார் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கிரேன் பேய் பிடித்ததுபோல் தானாகச் சுற்றியது. இணையத்தில் தேடினார். மோட்டாரின் நாய்ஸைக் குறையுங்கள் என்று நாலு பேர் எழுதியிருந்தார்கள். போதாதா?

நாய்ஸ் என்றால் சத்தம். இதுகூடவா தெரியாது அவருக்கு? கிரீஸ் பூசி, அடியில் ஸ்பாஞ்ச் வைத்து, தலையணைப் பஞ்சைத் திணித்து, எல்லாவற்றுக்கும் மேலே தன் பழைய காலுறையை மாட்டி, மோட்டாரைப் பச்சைப் பிள்ளைபோல் போர்த்திவிட்டார். சத்தம் குறைந்தது. ஆட்டம் குறையவில்லை. இன்னொரு காலுறை தேடினார்.

யோகேஸ்வரி, குளுவாங் நகரத் தொழிற்சாலையில் பதினோரு வருடமாக சர்க்யூட் போர்டுகளுக்குச் சோல்டர் வைப்பவர். தன் குச்சி வீட்டைக் கிரேனிலிருந்து தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

"என்னங்க, அது காதுல கேக்குற சத்தம் இல்ல. மோட்டார் உள்ளுக்குத் தீப்பொறி அடிக்குது, அது ரிமோட் சிக்னல கெடுக்குது. ரெண்டு முனைக்கும் நடுவுல ஒரு கெப்பாசிட்டர் வெச்சா..."

"யோகா, நீ கொஞ்சம் சத்தம் போடாம இருலா. மோட்டார் சத்தம் கேக்க மாட்டேங்குது."

அந்த வீட்டில் அவரால் முழுதாக அடக்க முடிந்த சத்தம் யோகேஸ்வரியின் குரல் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை டேவான் நிறைந்திருந்தது. கிரேன் கூரையைப் பூனை நடையில் தூக்கியது. ஓர் ஓசை இல்லை. கூட்டம் வாய்பிளந்தது. ரூபேந்திரன் பெருமையாக மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த நொடியில் கிரேன் சர்ரென்று திரும்பி, தூக்கிய கூரையாலேயே வீட்டை ஓங்கி அடித்தது. நிறுத்தும் பட்டனை அவர் அழுத்த அழுத்த, சுற்றி வந்து மறுபடியும் அடித்தது. மூன்று மாத உழைப்பு மேசைக்கடியில் வெறும் குச்சிகளாகக் கிடந்தது. யோகேஸ்வரி குனிந்து பொறுக்கினார்.

ரூபேந்திரன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆனா யாருக்காச்சும் சத்தம் கேட்டுச்சா?"

சிரிக்கிறீர்கள். நல்லது. போன தடவை உங்கள் வீட்டில் ஏதோ பழுது பார்த்தீர்களே, அப்போது பக்கத்தில் நின்றவர் இரண்டு முறை ஏதோ சொல்ல வந்தாரே, என்ன சொன்னார்? ஞாபகம் வரவில்லையா? அப்படியானால் ரூபேந்திரன் தனியாள் இல்லை.