இரண்டு தடவை அடித்தால் கிளாவ்தியா

"ஒரு வீட்டுக்கு எதுக்குங்க மூணு கக்கூஸ் சீட்டு?"

கட்டடக் குழுத் தலைவர் குஸ்மா இலியிச் கழிப்பறை வாசலில் நின்று கத்தினார். சுவரில் மூன்று ஆணிகளில் மூன்று இருக்கைகள் மாலை போலத் தொங்கின.

"மூணு குடித்தனமாச்சே, தோழர்," என்றாள் நோன்னா. "நீலம் என்னோடது. வெள்ளை கிளாவ்தியா அம்மாவோடது. அந்தக் கறுப்பு, டிராம் ஓட்டுறவரோடது."

டிராம் ஓட்டுறவர் என்றால் எதிர் அறை இக்னாத். நோன்னா அவர் பெயரைச் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. பொதுச் சமையலறையில் ஆளுக்கொரு அடுப்பு, ஆளுக்கொரு பல்பு. அவர் நாற்பது வாட் மாட்டினார், இவள் அறுபது மாட்டினாள். அவர் நூறு மாட்டினார். அதோடு பேச்சு நின்றது. காலையில் கஞ்சி கிளறிக்கொண்டே இவள் பாடினால், அவர் தன் அறைக்குள்ளிருந்து கதவை டொக் டொக்கென்று தட்டுவார். வாயை மூடச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு இவள் இன்னும் உரக்கப் பாடுவாள்.

"ஞாயித்துக்கிழமை அமெரிக்காக்காரங்க வர்றாங்க," என்றார் குஸ்மா. "பூங்காவுல கண்காட்சி நடக்குதே, அங்க மாதிரி வீட்டுல குடித்தனம் நடத்திக் காட்டுறாங்களே புருஷனும் பெண்டாட்டியும், அவங்கதான். மாஸ்கோ குடும்பம் எப்படி வாழுதுன்னு பார்க்கணுமாம். இந்த மாடிப்படிக்குத்தான் புதுசா பெயிண்ட் அடிச்சிருக்கு. அதனால இங்கதான்."

அந்த ஹார்ட்வெல் தம்பதியை நோன்னா மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டாள். மனைவி துணி துவைக்கும் மெஷினைத் திருகிக் காட்டுவாள். கணவன் வந்து "கண்ணே!" என்று கன்னத்தில் முத்தம் வைப்பான். கயிற்றுக்கு இப்பால் நின்ற மாஸ்கோ பெண்கள் மெஷினை மறந்து அந்தக் 'கண்ணே'வுக்குத்தான் பெருமூச்சு விட்டார்கள்.

"ஆனா இங்க குடும்பமே இல்லையே, தோழர். ஒண்டிக்கட்டைங்க மூணு பேர்."

"இனிமே இருக்கு. நீங்க பெண்டாட்டி. இக்னாத் புருஷன்."

"அந்த ஆளா! அதுக்கு அவர் டிராமுக்கு அடியிலயே போய் விழுவேன்."

"புதுக் கட்டடத்துல தனி வீடு, நோன்னா பாவ்லோவ்னா. தனிச் சமையலறை. ஞாயிறு நல்லபடியா நடந்தா வரிசையில உங்க பேரு முதல்ல. சொதப்பினா கடைசியில."

தனிச் சமையலறை! யாரும் மோப்பம் பிடிக்காத சூப், யாரும் கதவைத் தட்டாத பாட்டு. நோன்னா புருஷனுக்குச் சம்மதித்தாள். இக்னாத்தும் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார் என்று கேட்டபோது அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஞாயிறன்று குஸ்மா தன் மச்சான் வீட்டு ஃபிரிட்ஜை ஆள் வைத்துத் தூக்கி வந்தார். தனிப் பூட்டு வைத்த கிளாவ்தியாவின் அறைக் கதவு குடும்பத்துக்கு ஒத்துவரவில்லை. அதை மறைத்து ஃபிரிட்ஜை நிறுத்தினார். கிளாவ்தியாவைக் காலையிலேயே தங்கை வீட்டுக்குப் போகச் சொல்லியாகிவிட்டது. வாசலில் 'ஒன்று அடித்தால் நோன்னா, இரண்டு கிளாவ்தியா, மூன்று இக்னாத்' என்றிருந்த அட்டையையும் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டு, விருந்தாளிகளை அழைத்துவரக் கீழே இறங்கினார்.

சற்று நேரத்தில் மணி இரண்டு தடவை அடித்தது.

நோன்னா மேஜை விரிப்பை நீவினாள். இக்னாத் கழுத்து டையை இழுத்துவிட்டார். இருவரும் நகரவில்லை. பத்து வருடப் பழக்கம். இரண்டு என்றால் கிளாவ்தியா.

மறுபடியும் இரண்டு.

"அட, எனக்குத்தான்!" என்றது ஃபிரிட்ஜ். "எவன்டா என் கதவை அடைச்சது?"

கிளாவ்தியா தங்கை வீட்டுக்குப் போகவில்லை. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தன் அறையிலேயே குட்டித் தூக்கம் போட்டிருந்தாள்.

நோன்னா ஓடிப்போய் வாசலைத் திறந்தாள். வியர்த்த முகத்தோடு குஸ்மா, பின்னால் மொழிபெயர்க்கும் பெண், அவளுக்குப் பின்னால் ஹார்ட்வெல் தம்பதி.

"திறந்துவிடுங்க, பாவிகளா!" என்றது ஃபிரிட்ஜ்.

மொழிபெயர்க்கும் பெண் அதை மொழிபெயர்க்கவில்லை. ஹார்ட்வெல் ஃபிரிட்ஜை மேலும் கீழும் பார்த்து, உள்ளே யார் என்று கேட்டார்.

"ரேடியோ," என்றார் இக்னாத். "எங்க ஃபிரிட்ஜுல சேர்ந்தே வரும். நாடகம் ஓடுது."

ஹார்ட்வெல்லின் முகம் சுருங்கியது. தங்கள் ஊர் ஃபிரிட்ஜில் விளக்கு மட்டும்தான் எரியும் என்று ஒப்புக்கொண்டார். குஸ்மாவின் நெஞ்சு இரண்டு அங்குலம் நிமிர்ந்தது. திருமதி ஹார்ட்வெல்லுக்கு ஏனோ இருமல் வந்து, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நோன்னா ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் குனிந்தாள். "கிளாவ்தியா அம்மா, கொஞ்சம் பொறுத்துக்கோங்க. ஆரஞ்சுப்பழம் தர்றேன்."

"எத்தனை?"

"ரெண்டு."

"மேஜையில பன்றிக்கறி வாசனை வருதே?"

"அதுவும் தர்றேன், தாயே."

நாடகம் முடிந்தது. திருமதி ஹார்ட்வெல்லுக்கு இருமல் அதிகமானது.

தேநீர் ஊற்றும்போது ஹார்ட்வெல் எழுந்து கழிப்பறை எங்கே என்றார். போனவர் உடனே திரும்பி வந்து மொழிபெயர்க்கும் பெண்ணின் காதில் ஏதோ சொன்னார். அவள் சிவந்து போனாள்.

நோன்னாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்தவர் சீட்டு அங்கே இருக்கும் என்று நம்பி மூன்று பேருமே அவரவர் சீட்டை ஒளித்து வைத்துவிட்டார்கள்!

இக்னாத் பதறவில்லை. தன் அறைக்குள் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து கறுப்புச் சீட்டை எடுத்துவந்து, தட்டு நீட்டுவதுபோல் மரியாதையாக நீட்டினார்.

"எங்க ஊர்ல குளிர் ஜாஸ்தி. இதை எப்பவும் அறைக்குள்ளயே கதகதப்பா வச்சிருப்போம்."

"அட, எங்களுக்கு இது தோணலையே!" என்று ஹார்ட்வெல் அதைக் கையில் வாங்கிக்கொண்டு போனார்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவர் திரும்பி வந்து, தன் மனைவியின் தோளில் கை போட்டு, "கண்ணே, இவங்க எப்படிக் காதலிச்சாங்கன்னு கேட்போமா?" என்றார்.

குஸ்மாவின் முகம் வெளுத்தது. இதற்கு ஒத்திகை பார்க்கவில்லை. தனிச் சமையலறை ஜன்னல் வழியே பறந்து போவதை நோன்னா கண்ணால் பார்த்தாள்.

இக்னாத் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டு பேசினார். "தினம் காலையில நோன்னா கஞ்சி கிளறும்போது பாடும். ஒரு வரிகூடச் சரியா இருக்காது. டிராம் ஓட்டும்போது நானும் அந்தத் தப்பு வரியைத்தான் பாடுறேன். சரியான வரி எனக்கு மறந்தே போச்சு."

மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவர் வாயில் அவள் பெயர். மனைவியாக நடிப்பதையே நோன்னா மறந்தாள்.

"நான் பாடினா கதவைத் தட்டுவீங்களே, தோழர் இக்னாத்?"

"தாளம் போட்டேன்."

குஸ்மா தலையில் கை வைத்துக்கொண்டார். மொழிபெயர்க்கும் பெண் அந்த இரண்டு வாக்கியங்களையும் மொழிபெயர்க்காமல் மூக்கை உறிஞ்சினாள்.

விருந்து முடிந்தது. ஹார்ட்வெல் குஸ்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். நோன்னா தட்டுகளை அடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். திருமதி ஹார்ட்வெல் விடாப்பிடியாகக் கூடவே வந்து துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

"வீடு உங்களுக்குத்தானாம். குஸ்மா சொல்லிட்டார்," என்று பின்னாலேயே வந்து நின்றார் இக்னாத்.

"ஓ." மூன்று வருடமாகக் காத்திருந்த செய்தி. ஆனால் தாளமில்லாத சமையலறை எப்படி இருக்கும் என்ற யோசனை வந்து அவள் சந்தோஷத்தைக் கெடுத்தது. அமெரிக்காக்காரிக்கு என்ன புரியப்போகிறது என்ற தைரியத்தில் கேட்டும்விட்டாள். "ஒத்தை ஆளுக்கு ஒரு அறைதான் தருவாங்க, இல்ல?"

"ரெண்டு பேர் சேர்ந்து கேட்டா ரெண்டு அறை தருவாங்களாம்."

நோன்னா ஒரே தட்டைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். "சமையலறைக்கு எத்தனை பல்பு?"

"ஒண்ணு போதும். நீங்களே மாட்டுங்க, நோன்னா. எத்தனை வாட்டா இருந்தாலும் சரி."

"அறுபது," என்றாள் அவள். அவர் தலையாட்டிவிட்டு, பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே கிளாவ்தியாவை விடுவிக்கப் போனார். தப்பு வரி.

திருமதி ஹார்ட்வெல் கடைசித் தட்டைத் துடைத்து அடுக்கினாள். கதவை மெல்லச் சாத்தினாள். பிறகு, பக்கத்துத் தெருவில் பிறந்தவள் போன்ற சுத்தமான ரஷ்ய மொழியில் சொன்னாள்:

"கொடுத்துவச்சவ நீ, உனக்கு நல்ல ஆளாப் பார்த்துக் கொடுத்திருக்காங்க, கண்காட்சிக்குன்னு எனக்குக் கொடுத்தவருக்கு இன்னும் என் பேரே மனசுல நிக்கல, அதான் வாய்க்கு வாய் 'கண்ணே'ன்னு சமாளிக்கிறார்."