அரைக்கரண்டியார் பரிமாறிய கல்யாணம்

பிடிக்காதவர்களைச் சோறு போட்டே தீர்த்துவிடலாம் என்று நம்பிய சாப்பாட்டுக் கிளப் முதலாளி, உலகத்திலேயே எங்கள் அரைக்கரண்டியார் ஒருவர்தான்.

யுத்தத்துக்கு முந்திய காலம். ஆரப்பாளையத்தில் அவர் கிளப். கோர்ட் குமாஸ்தாவான எனக்கு இரண்டு வேளையும் அங்கேதான் சாப்பாடு. ஒருநாள் காலேஜ் வாத்தியார் ஒருவர், அமெரிக்காவில் எலிகளுக்குத் தீனியைக் குறைத்தார்களாம், அவை நெடுநாள் உயிரோடிருந்தனவாம் என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார். எங்களுக்குப் பிடித்தது சனி. அரைக்கரண்டியார் அன்றைக்கே எனக்குப் பாடம் எடுத்தார்.

"உடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாம கோடி அறை இருக்கு தம்பி. ஒவ்வொண்ணுலயும் ஒரு அடுப்பு. சோத்தை அள்ளிப் போட்டா எரிஞ்சு எரிஞ்சு சுவரெல்லாம் கரி புடிச்சிரும். அதான் கிழடு. கொஞ்சமாப் போட்டா, சும்மா இருக்குற நேரத்துல அதது தன்னைக் கூட்டிப் பெருக்கிக்கிரும்."

"எனக்குப் பசிக்குதேண்ணே?"

"பசிச்சா, அது வெளக்கமாத்தைக் கையில எடுத்துருச்சுன்னு அர்த்தம்!"

அன்று முதல் வேண்டியவர்களுக்கு அரைக் கரண்டி. வேண்டாதவர்களுக்கு இலை மறையச் சோறு, அதன் தலையில் நெய். ஓசியில் சாப்பிட வரும் அவருடைய பங்காளிக்குக் குனிந்து குனிந்து பரிமாறுவார். அந்த ஆளோ வருஷத்துக்கு வருஷம் கன்னம் உப்பிக் களையாகிக்கொண்டே வந்தார். அரைக்கரண்டியார் மனம் தளரவில்லை.

அவருடைய ஒரே மகளுக்குத் திருப்பரங்குன்றத்தில் கல்யாணம். மாப்பிள்ளை அவனியாபுரத்து விவசாயக் குடும்பம். தாலி கட்டி முடிந்து பந்தி. மாப்பிள்ளைக்கும் சம்பந்திக்கும் பாசத்தோடு தன் கையாலேயே அரைக் கரண்டி வைத்தார். எதிர் வரிசையில் பங்காளி இலையில் சோறு குவிந்திருந்தது. இரண்டையும் பார்த்த சம்பந்தி விருட்டென்று எழுந்தார்.

"எந்திரிடா! ஊருக்கெல்லாம் அள்ளிக் கொட்டுறாரு, நமக்குப் பிச்சை போடுறாரு. பொண்ணை அவரே வச்சுக்கட்டும்!"

மாப்பிள்ளை பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு முகம் வெளிறிவிட்டது. அரைக்கரண்டியார் மகளைப் பார்த்தார். எலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சோற்று வாளியோடு ஓடிவந்து இரண்டு இலைகளிலும் அள்ளி அள்ளி வைத்தார், நெய்யைக் கவிழ்த்தார். விஷம் வைக்கிறவர் மாதிரி இலையைப் பார்க்காமலே வைத்தார். கண்ணில் தண்ணீர். அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்ட சம்பந்தி சமாதானமாகி உட்கார்ந்தார்.

அரைக்கரண்டியார் மாப்பிள்ளையின் காதருகே குனிந்தார். பக்கத்து இலையில் இருந்த எனக்கும் கேட்டது.

"மாப்ள, கோவிச்சுக்கிறாதீங்க. ராத்திரி மட்டும் பட்டினியாப் படுத்துக்கங்க. எம்மக கடைசி வரைக்கும் பூவும் பொட்டுமா இருக்கணும்."

மாப்பிள்ளை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு, "போதும் மாமா" என்றார்.

பிறகு அரைக்கரண்டியார் என் இலைக்கு வந்தார். அரைக் கரண்டிதான். நல்ல பசி எனக்கு. ஆனாலும் அந்த மனிதர்மேல் இருந்த பிரியத்தில், இன்னும் கொஞ்சம் என்று கேட்க வாய் வரவில்லை.