முதல் மார்க் அப்பாவுக்கு

“…பாட்டு கேக்குது, மேளம் கேக்குது, ஆளைத்தான் காணல்ல. நான் எங்க மக்கா?” என்று அண்ணன் பெண்டாட்டி, எங்கள் மைனி, கேட்டபோது டிவி முழுக்க அப்பாவின் முகம் பூசணிக்காய் போல நிறைந்திருந்தது.

யாரிடமும் போகாமல் தானாகவே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டவனுக்கு ஒரு வியாதி உண்டு. தெரிந்த ஒன்றரை வித்தையை ஊரைக் கூட்டிக் காட்டாவிட்டால் சோறு இறங்காது. எனக்கு அது முற்றியிருந்த நேரம்.

கோயில் கொடைத் திருவிழாவில் மைனி முதன்முதலாக மேடையேறிப் பாடினாள். உடனே பக்கத்து ஊர் புதுக்கடையிலிருந்து அடுத்த கச்சேரிக்கு அழைப்பு. “மாமா சரின்னாதான் போவேன்” என்றாள். அப்பாவோ, “நான் பாட்டு கேக்கவாடே போனேன்? பெரியவன் மஸ்கட்டுல இருந்து படம் பிடிக்கச் சொன்னான், பிடிச்சேன். பாட்டு தொடங்குனதும் ஒறங்கிட்டேன்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மைனி முகம் வாடிவிட்டது.

அங்கேதான் நான் நுழைந்தேன். கச்சேரியில் போன் தூக்கியவர்களிடமெல்லாம் வீடியோ வாங்கினேன், அப்பாவிடமும். ஒரு புரோகிராம் எழுதினேன். அது சத்தத்தை வைத்து எல்லா வீடியோவையும் ஒன்றோடொன்று பொருத்தும். நொடிக்கு நொடி வெளிச்சம், தெளிவு, ஆட்டம் பார்த்து மார்க் போடும். முதல் மார்க் வாங்கியது எதுவோ அதை எடுத்து ஒட்டும். மனிதக் கை படாது. (கண்ணும் படாது. ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் புரோகிராமை நான் நம்பவில்லை என்று ஆகிவிடுமாம்!) தெருவையே கூப்பிட்டு, அண்ணனையும் வீடியோ காலில் உட்காரவைத்து, நேராக டிவியில் போட்டேன். மருமகள் பாடுவதைப் பார்த்து அப்பா அசந்துபோவார் என்பது திட்டம்.

ஊரார் வீடியோவில் குலுக்கல், முன்னால் இருப்பவர் மண்டை, மேடை விளக்கில் வெளுத்துப்போன மைனி. ஒரே ஒரு போன்தான் பாறை மாதிரி நின்றிருக்கிறது. அப்பா கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு, செல்ஃபி கேமரா என்று தெரியாமலே போனை முன் நாற்காலி முதுகில் ஊன்றிப் பிடித்து, மேடையையே பார்த்திருக்கிறார். சீரியல் லைட்டில் மூக்குமுடிவரை தெளிவு. புரோகிராம் சொக்கிப்போய்விட்டது.

“அப்பா, கண்ணைத் தொறந்துட்டா ஒறங்கினீங்க?” என்றான் அண்ணன், மஸ்கட்டிலிருந்து.

திரையில் அப்பா தலையாட்டினார். தொடையில் தாளம் போட்டார். கூடவே பாடவும் செய்தார். திடீரென்று மைனி வந்தாள், மறைந்தாள். மறுபடி அப்பா, கன்னம் ஈரம். மறுபடி மைனி. மறுபடி அப்பா, கையில் துண்டு.

பக்கத்து வீட்டு சரசக்காதான் கண்டுபிடித்தாள். “ஏட்டி, அவரு கண்ணைத் தொடைக்கும்போ போன் ஆடுது. அப்பந்தான் நீ வாற!”

அதன்பிறகு பாட்டை யார் கேட்டார்கள்? மைனி தலை தெரிந்தால் போதும், “அழுதாச்சு! அழுதாச்சு!” என்று கைதட்டல்.

“கண்ணுல பூச்சி விழுந்துது” என்றார் அப்பா.

“பாட்டுக்குப் பாட்டு விழுமா மாமா?” என்றாள் மைனி.

மானம் போனது போதும் என்று நான் லேப்டாப்பை மூடப் போனேன். மைனி என் கையில் ஒரு அடி வைத்தாள். “தொட்டா பாத்துக்க. ஓடட்டும்!”

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாருக்காவது கண் கலங்கினால், “மைனி வந்தாச்சு” என்பார்கள். என் புரோகிராமால் குடும்பத்துக்குக் கிடைத்த ஒரே சொத்து.

அன்றைக்கு மைனி அங்கேயே நின்று புதுக்கடைக்குப் போன் போட்டாள். “வாறேன். ரெண்டாம் வரிசையில, போன் ஊன்ற வாகா, மாமாவுக்கும் ஒரு நாற்காலி போட்டுருங்க.”

“நான் எப்பம் சரின்னேன்?” என்றார் அப்பா. டிவியில் அவரே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மைனி போய் மேசைமேலிருந்த அவருடைய கண்ணாடியை எடுத்தாள். அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.