மிக்ஸ்சர் ஐயாவின் கழுத்து

உயிர் போனாலும் நாட்டு வைத்தியர் தம்பிஐயா பரியாரியின் வாசற்படலையைத் திறப்பதில்லை என்பது என் சபதம். இருபது வருடச் சபதம். அதை ஒரே காலையில் உடைத்துப் போட்டார்கள். உடைத்தது யார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் கனகசபாபதி. தொண்டைமானாற்றுப் பக்கத்தில் ஓர் அரசாங்க மருந்துச்சாலையில் மருந்து கலந்து கொடுப்பவன். ஊரார் 'மிக்ஸ்சர் ஐயா' என்பார்கள். காய்ச்சல்காரர் போத்தலோடு என் சன்னலுக்கு வருவார்கள். ஆனால் கை நெரிந்தவனும் இடுப்புப் பிடித்தவனும் என் சன்னலைத் தாண்டி நேரே தம்பிஐயாவிடம் போவார்கள். அவர் எண்ணெய் போட்டு உருவி, ஓர் இழுப்பு இழுத்து, 'டக்' என்று ஒரு சத்தம் வரவைத்து அனுப்புவார். உது வைத்தியமில்லை, மல்யுத்தம் என்று நான் சொல்லாத நாளில்லை.

அப்படிப்பட்ட எனக்குக் கழுத்துப் பிடித்தது.

முருங்கைக்காய் பறிக்கக் கொக்கத்தடியோடு அண்ணாந்து நின்றேன். மனைவி இராசமலர் வலப்பக்கத்துக் கொப்பைக் காட்டினாள். திரும்பினேன். திரும்பிய கழுத்து திரும்பி வரவில்லை.

பதினொரு நாள் உலகத்தை வலப்பக்கமாகவே பார்த்தேன். சைக்கிளில் ஏறினால் வீதி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இரண்டு தரம் அயல்வீட்டு மார்க்கண்டு அண்ணையின் கிடுகு வேலிக்குள்ளால் அவர் முற்றத்துக்குப் போயிருக்கிறேன். அதன்பிறகு அவர் அந்த இடத்தில் ஒரு படலையே வைத்துவிட்டார். இடப்பக்கத்தில் நின்று கும்பிட்டவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லையாம். நாலு பேர் என்னோடு கதை பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். என் மருந்துச்சாலைக் குளிசை எல்லாம் போட்டேன். பூச்சு மருந்தும் பூசினேன். கழுத்து மசியவில்லை.

"இஞ்சருங்கோ, ஒருக்கா தம்பிஐயா பரியாரியாரிட்டைப் போயிட்டு வாங்கோவன்."

"அந்தாள் எந்தக் காலேசிலை படிச்சவர்?"

"படிச்ச நீங்கள் சுவரைப் பாத்துக்கொண்டெல்லோ கதைக்கிறியள். நான் இஞ்சாலை நிக்கிறன்."

"எனக்குக் கொள்கையிலை ஒரு பிடிப்பு இருக்கு."

"கழுத்திலையும் இருக்கு."

"அது தானா மாறும்."

"வெள்ளிக்கிழமை எங்கடை குணலட்சுமிக்குக் கலியாணம் கதைக்கப் பருத்தித்துறையிலை இருந்து வருகினம். பெடியன்ரை தேப்பன் உங்களுக்கு இடப்பக்கம் இருந்தால் என்ன செய்வியள்?"

"வலப்பக்கம் இருக்கச் சொல்லும்."

"பெடியன்ரை தாய்?"

குணலட்சுமி எங்களுக்கு ஒரே பிள்ளை. முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிற மனிதனிடம் யார் சம்பந்தம் செய்வார்கள்?

புதன்கிழமை காலை இராசமலர் பாயை விட்டு எழும்பவில்லை.

"எனக்கும் பிடிச்சிட்டுது" என்றாள். அவளுக்கு இடப்பக்கம்.

"குளிசை தரட்டே?"

"பதினொரு நாள் உங்களிலை பாத்தனான்தானே. என்னைப் பரியாரியாரிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நீங்கள் வெளியிலை நிண்டால் போதும்."

பெண்சாதியின் நோவுக்குக் குறுக்கே நிற்கிறவன் நான் அல்ல. வாடகைக் கார் பிடித்தோம். நான் வலப்பக்கக் கண்ணாடியால் பார்த்தேன், அவள் இடப்பக்கக் கண்ணாடியால் பார்த்தாள். "ஐயாவுக்கும் அம்மாவுக்கும் ஏதும் மனஸ்தாபமோ?" என்று கார்க்காரன் கேட்டான்.

தம்பிஐயா என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டு உள்ளே கூப்பிட்டார். அந்த மரியாதையிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் இராசமலரின் கழுத்தைத் தொட்டுப் பார்த்து முகத்தைக் கடுமையாக்கினார்.

"பொல்லாத பிடிப்பு. ஒரு நாளிலை விடாது. ஐயா, இருபத்தொரு நாள் காலமையிலை நீங்கள்தான் எண்ணெய் போட்டு உருவிவிட வேணும்."

"நானோ?"

"பிழையாப் பிடிச்சால் நரம்பு விலகிப்போம். காட்டித்தாறன், உந்த வாங்கிலை இருங்கோ."

"அவவின்ரை கழுத்திலை காட்டும்."

"எவ்வளவு பலம் வைக்கிறதெண்டு தன்ரை கழுத்திலை பட்டால்தான் தெரியும் ஐயா. மருந்து கலக்கிற உங்களுக்கு நான் அளவைப் பற்றிச் சொல்லவேணுமே?"

என் தொழிலை மதித்துக் கதைத்தால் நான் இளகிவிடுவேன். இருந்தேன். இளஞ்சூட்டு எண்ணெய் இறங்கியது. விரல்கள் பிடரியில் எதையோ தேடின. சுகமாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

"அம்மா எந்தப் பக்கம் நிக்கிறா?" என்று கேட்டார்.

டக்.

நான் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே இராசமலர் நின்றாள். அவளுடைய கழுத்து கம்பம்போல நேராக இருந்தது. நான் பார்ப்பதைக் கண்டதும் அதை மெல்ல இடப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

முதல் நாள் சந்தைக்கென்று போனவள் வெறும் பையோடு திரும்பி வந்தது பரியாரியிடம் போனதால்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வஞ்சகம். அதுவும் ஓர் அரசாங்க உத்தியோகத்தனுக்கு. காரில் ஏறியதும் கேட்டேன்.

"உமக்குக் கழுத்திலை ஒண்டுமில்லை."

"மெய்தான்."

"நான் இதை ஊரெல்லாம் சொல்லுவன்."

"சொல்லுங்கோ. அப்ப உங்கடை கழுத்தை ஆர் திருப்பினதெண்டும் சொல்லவேணும்."

அரை மைல் தூரம் கார்க்காரனின் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

"உங்களுக்குத் தானா மாறினதெண்டு நான் சொல்லுறன்" என்றாள் இரக்கத்தோடு. "எனக்குத்தான் பரியாரியார் பாத்தவர். தேங்காய் திருவக்கூடாது, தண்ணி அள்ளக்கூடாது, மா இடிக்கக்கூடாது. இருபத்தொரு நாள்."

வெள்ளிக்கிழமை பருத்தித்துறைக்காரர் வந்தார்கள். நான் தேப்பனையும் பார்த்தேன், தாயையும் பார்த்தேன். நல்ல மனிதர்கள். அன்றைக்கே சம்பந்தம் சரிவந்தது. அந்த இரண்டு மணித்தியாலமும் இராசமலரின் கழுத்து நேராகவே நின்றது. அவர்கள் போய்ப் படலை சாத்தியதும் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது.

இருபத்தொரு நாளும் தேங்காய் திருவினேன். கிணற்றில் அள்ளினேன். விடியற்காலையில் நோவில்லாத ஒரு கழுத்துக்கு எண்ணெய் போட்டு உருவினேன். தன்மானத்துக்காகச் செய்தேன். வாய் திறந்தால் இருபது வருடம் சன்னலுக்குள்ளிருந்து சொன்னதெல்லாம் தண்ணீரில் போய்விடும்.

இருபத்திரண்டாம் நாள் அவள் சுகமாக எழும்பினாள். மார்க்கண்டு அண்ணையின் பெண்சாதி சுகம் விசாரிக்க வந்தார். நான் அறைக்குள் இருந்து கேட்டேன்.

"பரியாரியார் சும்மா ஒருக்காத் தொட்டவர்தான் அக்கா" என்றாள் இராசமலர். "முழுக்க மாத்தினது இவர். தங்கமான கை."

எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை மருந்துச்சாலைச் சன்னலைத் திறந்தேன். மிக்ஸ்சருக்கு ஒருவரும் இல்லை. எண்ணெய்ப் போத்தலோடு ஏழு பேர் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.