டெண்டர் அண்ணையிடம் கேட்கக்கூடாத கேள்வி

டெண்டர் பெட்டியைத் திறந்தபோது இருந்தவர்கள்: கணக்காளர் அம்மா. பூட்டுத் திறப்போடு அலுவலக லிகிதர். பட்டணத்துப் பெரிய கம்பனிக்காரர். நான். கதவுக்கு வெளியே, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, டெண்டர் அண்ணை.

டெண்டர் அண்ணையைக் கேளாமல் குடாநாட்டில் ஒரு அரசாங்கக் கதிரைகூட நாலு காலில் நின்றதில்லை. பேக்கரி, தச்சுப்பட்டறை, தையற்கடை, யாருடைய டெண்டர் என்றாலும் அவர்தான் நிரப்புவார். காசு வாங்கமாட்டார். ஏசுவார்.

எனக்குக் கொக்குவிலில் வெல்டிங் கடை. மாதக்கணக்காக வேலை இல்லை. ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாற்பது மேசை, நாற்பது கதிரை என்று டெண்டர் வந்தது. அதுவும் தவறினால் கடையைப் பூட்டுவதுதான்.

அண்ணை வந்தார். பெயின்ற் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தார்.

"கதிரை செய்யிற கடையிலை இருக்க ஒரு கதிரையில்லை. உமக்கு ஆர் டெண்டர் தாறது?"

பக்கம் பக்கமாகக் கையெழுத்து வாங்கினார்.

"கடைசிப் பக்கத்திலை ஒண்டுமில்லையே அண்ணை. அதுக்குமோ?"

"ஓம், அதுக்குந்தான். கதையாமல் போடும்."

எல்லாம் சரி. ஆனால் அவருக்கு ஒரு வியாதி. புறப்படும்போது யாராவது "எங்கை போறியள்?" என்று கேட்டால் காரியம் கெட்டுவிடுமாம். திரும்பி வந்து, இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி வெளிக்கிடுவார்.

டெண்டர் உறையோடு வெளிக்கிட்டோம். எங்கள் ஒழுங்கைச் சனம் கேட்காமல் விடுமா? மீன்காரர் கேட்டார். திரும்பினோம். முன்வீட்டு அக்கா கேட்டா. திரும்பினோம். பெட்டி பூட்டுவது இரண்டு மணிக்கு.

அடுத்த முறை அண்ணையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, ஒழுங்கை முழுக்க நானே கத்திக்கொண்டு போனேன்.

"நாங்கள் ஒரு இடமும் போகேல்லை!"

அலுவலக வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"எங்கை போறியள்?"

அண்ணை இறங்கிவிட்டார். "தம்பி, திருப்பும்."

"அண்ணை, ரெண்டு மணியாகுது! கடை போச்சு!"

என் முகத்தைப் பார்த்தார். பிறகு நேரே காவலாளியின் கூட்டுக்குள் போனார். அவருடைய கதிரையில் இருந்தார். அவருடைய போத்தல் தண்ணீரைக் குடித்தார். எழும்பினார்.

"இப்போதைக்கு இதுதான் என்ரை வீடு. இனி வெளிக்கிடுறன். நீர் வாய் திறக்கப்படாது, காவலாளி. தம்பி, ஓடும்!"

லிகிதர் பூட்டத் திறப்பை எடுத்துவிட்டார். உறை பெட்டிக்குள் விழுந்தது.

பெட்டியைத் திறந்து பார்த்தால், கம்பனிக்காரரின் விலை எங்களுடையதிலும் குறைவு. ஆனால் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து இல்லை. தள்ளிவிட்டார்கள்.

வெளியே வந்தேன். அண்ணை ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"கிடைச்சிட்டுதோ?"

"ஓம் அண்ணை. உங்களுக்கு நான் என்ன தர?"

"ஒண்டும் வேண்டாம். உம்மடை வாளியிலை இருந்து இடுப்புப் போச்சு, அவ்வளவுதான்."

வேலை முடிந்தது. மேசை நாற்பது. கதிரை நாற்பத்தொன்று.