ஏழாம் தூணின் உரிமையாளர்

நீதி எங்கே பிறந்தது என்று அறிஞர்கள் வெகுகாலமாகச் சண்டை போட்டு வருகிறார்கள். வீண் சண்டை. அது ராஸ் அல்மில்ஹ் துறைமுகத்தில், மீன் ஏலக் கூடத்தின் மாடி அறையில், மூன்று பேர் கொண்ட 'படகுக் கட்டுமிட நியாயக் குழு'வுக்குப் பிறந்தது. பிரசவம் கஷ்டமானது. நடுவில் இரண்டு முறை புதினா டீ வரவேண்டியிருந்தது.

குழுத் தலைவர் அப்தெல்மஜீத் ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். வாழ்நாளில் ஒரு படகிலும் ஏறியதில்லை. கரையில் நின்று அலையைப் பார்த்தாலே அவருக்குக் குமட்டும். கடலோடு இத்தனை ஒட்டுறவு இல்லாத மனிதர் துனீசியக் கரை முழுவதும் தேடினாலும் கிடைக்கமாட்டார் என்பதால் 'நடுநிலையாளர்' என்று அவரையே பிடித்துப் போட்டிருந்தார்கள். மற்ற இருவரில் துஹாமி ஐஸ் தொழிற்சாலைக்காரர். ரித்வான் மீன் உணவகம் நடத்துபவர்.

பின்வரிசை நாற்காலியில் வசீலா உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் லுத்ஃபி படகைக் கரையேற்றும்போது வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டு படுக்கையில் கிடந்தான். பனிக்காலம் முழுக்க அவள்தான் படகை ஓட்டினாள், பேய்க்கணவாய் பிடித்தாள், திரும்பி வந்து ஏழாம் தூணில் கயிறு கட்டினாள். ஆனால் தூண் புருஷன் பெயரில் இருந்தது. அதைத் தன் பெயருக்கு மாற்றிக் கேட்க வந்திருந்தாள். தூண் கைவிட்டுப் போனால் படகை வெளியே திறந்த கடலில்தான் நிறுத்த வேண்டும். ஒரு வடகிழக்குக் காற்று போதும், பாறையில் மோதி அடுப்புக்கு விறகாகிவிடும்.

முதலில் கட்டணம். நீளத்துக்கு ஏற்ப வசூலிக்கலாம் என்று போன மாதம் முடிவு செய்திருந்தார்கள். மறுநாளே நாலு பேர் படகின் மூக்கை ரம்பத்தால் அறுத்துவிட்டார்கள். ஆகவே குழு ஆழமாகச் சிந்தித்துப் 'பயன்பாட்டுக் கட்டணம்' கண்டுபிடித்தது. கட்டின படகு கட்டினபடியே இருந்தால் சலுகை. இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போனால் அபராதம்.

வசீலா எழுந்தாள். "மீன் புடிக்கணும்னா கடலுக்குப் போய்த்தானங்க ஆகணும்?"

"அது உங்க சொந்த விஷயம்மா," என்றார் அப்தெல்மஜீத் கனிவாக. "பொதுச் சொத்தை வெறுமனே போட்டுட்டுப் போறது தப்பில்லையா?"

"அப்ப எந்தப் படகுக்குத்தான் சலுகை கெடைக்கும்?"

"விசுவாசமான படகுக்கு," என்றார் துஹாமி.

அடுத்தது பெயர் மாற்றம். உரிமையாளர் ஒரு பருவம் கடலுக்குப் போகாவிட்டால் இடம் பறிபோய், காத்திருப்போர் வரிசையில் முதல் ஆளுக்குச் சேரும். அதற்குள் மகன், சகோதரன், மருமகன் இவர்களில் ஒருவருக்கு மாற்றிக்கொள்ளலாம். தலைவர் ஒவ்வொரு சொல்லையும் தேன் தடவியதுபோல் படித்தார்.

"பொண்டாட்டி எங்கங்க?" என்றாள் வசீலா.

"யாரோட பொண்டாட்டி?" என்றார் தலைவர்.

"பட்டியல்ல பொண்டாட்டிய காணோமே. விட்டுப்போச்சா?"

"விட்டுப்போகல தங்கச்சி. ரொம்ப நேரம் யோசிச்சோம். யோசிச்சுக்கிட்டு இருக்கும்போதே சாப்பாடு வந்துருச்சு."

"மருமகன் மட்டும் சாப்பாட்டுக்கு முன்னாடியே வந்துட்டாராக்கும்?"

அறையில் யாரோ இருமினார்கள். காத்திருப்போர் வரிசையில் முதல் ஆள் தலைவரின் மருமகன் என்பது துறைமுகத்துப் பூனைக்கும் தெரியும். துனீஸ் நகரத்தில் பல் மருத்துவர். அவருடைய வெள்ளை உல்லாசப் படகு ஆகஸ்டில் வந்தால் அசையாமல் நிற்கும். விசுவாசத்தில் அதற்கு நிகர் இல்லை.

வசீலா படி இறங்கினாள். வீட்டுக்குப் போய் லுத்ஃபியிடம் ஒன்றும் சொல்லவில்லை. ரொட்டியில் ஹரிசா மிளகாய் விழுதைத் தடவிக் கொடுத்துவிட்டு, வலையைச் சரிபார்க்கிற சாக்கில் வெளியே வந்து அழுதாள்.

அந்த இருமல் எப்படியோ மாகாணத் தலைநகர் வரை கேட்டுவிட்டது. குழுவில் சொந்தபந்தச் சலுகை நடக்கிறதா என்று பார்க்க ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அப்தெல்மஜீத் பதறவில்லை. உயர்ந்த மனிதர்கள் பதறமாட்டார்கள், விதியை மாற்றுவார்கள்.

"இனிமே எடம் மனுஷங்களுக்கே கெடையாது," என்று அறிவித்தார். "படகுக்குத்தான். படகுக்கு அண்ணன் தம்பி இல்ல. படகுக்கு மாமனாரும் இல்ல. இதைவிடச் சுத்தமான விதி உலகத்துல உண்டா?"

ரித்வான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றே ஒவ்வொரு தூணுக்கும் நேராக, அங்கே கட்டியிருந்த படகின் பெயர் 'உரிமையாளர்' என்று ஏறியது. உரிமையாளர் ஆய்வின்போது ஆஜராக வேண்டும். தவறினால் இடம் வரிசையில் முதலில் உள்ளவருக்கு. ஆய்வு நாளாக நல்ல அமைதியான ஒரு வியாழக்கிழமையைத் தலைவரே தேர்ந்தெடுத்தார். அப்படிப்பட்ட நாளில் வசீலா கரையில் இருக்கமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். அபராதம் கட்டவாவது அவள் மீன் பிடித்தாக வேண்டும்.

அவர் கணக்கிட்டபடியே வியாழனன்று ஏழாம் தூண் காலியாக இருந்தது. படகைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து அவள் கடலுக்கு அனுப்பியிருந்தாள். வசீலா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு மாடியில் உட்கார்ந்திருந்தாள்.

அதிகாரி ஷாக்கிர் ஜன்னலோரம் நின்று பட்டியலைப் படித்தார். தலைவர் கீழே கையைக் காட்டினார். அல்யாஸ்மின், ஆஜர். நூருல்பஹர், ஆஜர். கீழேயிருந்து ரித்வானின் கடை மீன் பொரியும் வாசனை மேலே வந்துகொண்டிருந்தது. அதிகாரியின் குரல் வேகம் பிடித்தது.

"ஏழாம் தூண். உரிமையாளர் வசீலா."

"வரல," என்றார் அப்தெல்மஜீத் வருத்தத்துடன்.

"வந்திருக்கேங்க," என்றாள் வசீலா.

கல்யாணமான வருஷம் லுத்ஃபி படகின் முகப்பில் நீலச் சாயத்தில் எழுதிய பெயர் அது. அதைப் பட்டியலில் ஏற்றியபோது ஒருவருக்கும் ஓர் ஆளின் முகம் நினைவுக்கு வரவில்லை.

"ஏம்மா, நாங்க கூப்பிட்டது படகை," என்றார் தலைவர்.

"அங்க படகுன்னு எழுதியிருக்குதாங்க?"

ஷாக்கிர் தாளைப் புரட்டினார். "உரிமையாளர், வசீலா. அவ்வளவுதான் இருக்கு." அவளுடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். "பெயர் சரியா இருக்கு. ஆளும் ஆஜர்."

"ஐயா, படகுக்குன்னு விதி போட்டிருக்கோம்."

"விதியிலயும் 'பட்டியலில் உள்ள உரிமையாளர்'னுதான இருக்கு. நீங்க எழுதினதுதான?" அதிகாரி மூக்கை ஜன்னல் பக்கம் திருப்பி ஒரு மூச்சு இழுத்தார். "ஆய்வுக் கேள்வியையும் முடிச்சிரலாம். ஓட்டை, ஒழுகல் ஏதாவது உண்டா?"

"கெடையாதுங்க."

"காத்து மழை தாங்குமா?"

"இந்தப் பனிக்காலம் முழுக்கத் தாங்கியாச்சுங்க."

முத்திரை விழுந்தது. சாப்பிட்டுவிட்டு அதிகாரி இப்படி ஒரு நேர்மையான குழுவைத் தான் கண்டதில்லை என்று பாராட்டினார். தலைவரின் மருமகனே வரிசையில் நிற்க, ஓர் ஏழை மீனவப் பெண்ணுக்கு இடம் கொடுத்திருக்கிறார்களே. அப்தெல்மஜீத் தலைகுனிந்து பாராட்டை ஏற்றுக்கொண்டார். குமட்டல் வந்தவர்போல் இருந்தார்.

வீட்டில் லுத்ஃபி தலையணையில் கையூன்றிப் பாதி எழுந்து கேட்டான்.

"கெடைச்சுதா?"

"கெடைச்சிருச்சு. என் பேருல."

"பொண்டாட்டிக்குக் கெடையாதுன்னு சொன்னாங்களாமே?"

"பொண்டாட்டிக்குக் கெடையாதுதான்," என்றாள் வசீலா, அடுப்பைப் பற்றவைத்தபடி. "மரக்கட்டைன்னு நெனச்சுக் குடுத்துட்டாங்க."